உள்தாழ்ப்பாள்

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கக்கா" என்று வக்கீல் சொன்னபோது பாப்பா பாதி உட்கார்ந்துவிட்டிருந்தாள். முழுதாக உட்காருவதா எழுந்திருப்பதா என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு?" என்று கேட்டாள்.

"ஐயாகிட்ட முதல்ல தனியாப் பேசணும். இங்க வர்ற எல்லாருக்கும் அப்படித்தான்."

"நான் அவரோட பொண்ணுங்க."

"தெரியும்க்கா. அதனாலதான்."

அதில் கேலியோ கடுமையோ இல்லை. தினமும் பலமுறை சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன குரல். வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அப்பாவின் வலது காதுதான் கேட்கும் என்று பாப்பா சொல்வதற்கு முன்பே அவள் நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிப்பது போல இருந்தார்.

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டிவலி, வெள்ளெழுத்து எல்லாம் முறைப்படி வந்து சேர்ந்துவிட்டன. அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு. அது வேலை செய்யும் இடத்து அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் அவள் பாப்பா, அண்டைஅயலில் பாப்பாக்கா, தம்பி பிள்ளைகளுக்குப் பாப்பா அத்தை. அந்தப் பெயர் இனி மாறப்போவதில்லை. அவளும் அதை மாற்றச் சொல்லி யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை.

இலவச சட்ட உதவி மையம் என்பது நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள். முன்பு பழைய செய்தித்தாள்களைக் கட்டிவைத்திருந்த இடமாம். படியேற முடியாதவர்கள் வருகிற இடம் என்பதால் தரைத்தளத்தில் கொடுத்திருந்தார்கள். காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் கைப்பிடி இருந்தது. ஊன்றி எழுந்திருக்க வேண்டுமே. முன்மேசையில் இருந்தவர் எல்லோரிடமும் இரண்டு வீடு கேட்கிற மாதிரிதான் பேசினார். காது மந்தமானவர்களோடே பழகிப் பழகி வந்த பழக்கம்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார் அவர், ஊருக்கே கேட்கும்படி. "கூட்டிட்டு வர்றவங்க எல்லாருக்கும் இந்த இடத்துல மூஞ்சி தொங்கிப்போகும். போன வாரம் ஒருத்தர் அவங்கம்மாவத் தோள்ல தூக்கிக்காத குறையாக் கூட்டிட்டு வந்தாரு. அவரையும் இங்கதான் உக்கார வச்சோம். இதே நாற்காலிதான்."

"நான் என்ன அவரைக் கொடுமையா படுத்துறேன்?"

"அப்படி யாரும்மா சொன்னா? டீ சாப்பிடுறீங்களா?"

அவள் வேண்டாமென்றாள். டீயோடு கோபமும் இறங்கிவிடும் என்று பயம்.

அறைக்கதவின் மேல்பாதி கண்ணாடி. அதன் வழியாக அப்பாவின் பின்தலை தெரிந்தது. நேற்று அவளே வெட்டிவிட்ட முடி, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிப்போயிருந்தது. நேற்றே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். "மக கூடத்தான் இருப்பேன், ஹோமுக்குப் போக மாட்டேன்னு தெளிவாச் சொல்லிடுங்கப்பா. நடுவுல நிறுத்திட்டு யோசிக்காதீங்க. யோசிச்சா ஞாபகமறதின்னு எழுதிடுவாங்க." அவரும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரித் தலையாட்டினார். இப்போது நடுவில் நின்றுவிட்டால் எடுத்துக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

தம்பிதான் மனுப் போட்டிருந்தான். அப்பாவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் நிதானம் போய்விட்டது, அக்கா பகல் முழுக்க வேலைக்குப் போய்விடுகிறாள், ஆகவே அவருடைய பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், தன் ஊரிலேயே ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று நீதிமன்றத்தில் கேட்டிருந்தான். தம்பி கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எவ்வளவோ சுலபம். அவன் கெட்டவன் இல்லை. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவன். அந்த இல்லத்தின் தோட்டத்தை, பெஞ்சுகளை, வெயில் விழும் வராந்தாவைப் படம் படமாக எடுத்து அனுப்பியிருந்தான். அத்தனை படத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை என்பதைத்தான் பாப்பா கவனித்தாள்.

மனுவில் இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டும் அவள் வாயிலிருந்து போனவை.

முதலாவது, அப்பா காணாமல் போனது. வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். போன வருஷம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, பஸ் ஏறி, பழைய டெப்போவுக்குப் போயிருக்கிறார். டெப்போ இருந்த இடத்தில் இப்போது கடைகள். இருட்டும் நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் கண்டுபிடித்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டுக்கு எப்படிப் போவதென்று தெரியவில்லை. அதைவிட, தெரியவில்லை என்று யாரிடமும் கேட்க வெட்கம். ஊருக்கெல்லாம் வழி சொன்னவர் அல்லவா. அன்றைக்கு அலைந்த அலைச்சலில் பாப்பாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தாள். வேலைக்குப் போகும்போது வெளிக்கொண்டியை மாட்டிப் பூட்டிவிட்டுப் போவாள். சாப்பாடு மேசைமேல், தண்ணீர் பக்கத்தில், மாத்திரை டப்பாவில். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் அவருக்கு அதில் வருத்தமில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது, குளிர்காலத்தில் நடந்தது. வேலை முடிந்து படியேறும்போதே ஏதோ கருகின வாடை. கீழ்வீட்டுக்காரி அடுப்பில் எதையோ வைத்து மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தாள். கதவு லேசில் நகரவில்லை. தள்ளிப் பார்த்தால், அவள் ஆசையாக வாங்கிவைத்திருந்த புது டவல் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் கிடந்தது. தரையெல்லாம் ஈரம். அப்பாவின் சட்டையும் நனைந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? பாத்ரூம் அடக்க முடியலையா?"

அவர் கொஞ்சநேரம் அவளையே பார்த்தார். பிறகு, "ஆமா பாப்பா. தெரியாம ஆயிடுச்சு" என்றார்.

அவள் திட்டினாள். நாள் முழுக்க அடுத்தவர் அழுக்கைத் துவைத்துவிட்டு வருகிறவள், வீட்டிலும் அதேவா என்று கேட்டாள். துடைக்கப் புது டவல்தான் கிடைத்ததா என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அலுப்பில் தம்பியிடமும் கொட்டித் தீர்த்தாள். அங்கிருந்துதான் தோட்டப் படங்கள் வர ஆரம்பித்தன.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பா பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனிதர், கையை ஆட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டி, எதையோ தட்டுவது போலச் செய்து காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் எழுதக்கூட இல்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னிடம் இப்படி அவர் கடைசியாகப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்த பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன பயன்?

கூப்பிட்டார்கள். இந்த முறை அவள் முழுதாக உட்கார்ந்தாள்.

"ஐயா உங்க கூடத்தான் இருக்கணும்னு சொல்றார்" என்றாள் வக்கீல். "ஹோமுக்குப் போகப் பிடிக்கலை. அதை நல்லாத் தெளிவா, காரணத்தோட சொன்னார். மனுவை எதிர்த்து நாம நிக்கலாம்."

பாப்பாவுக்கு அப்பாடா என்றிருந்தது. எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆனா இன்னொண்ணும் சொன்னார். அதை அவர் வாயால உங்ககிட்டச் சொல்ல வரலையாம். நீயே சொல்லிடும்மான்னு சொன்னார். பூட்டு வேண்டாம்கிறார்."

"எந்தப் பூட்டு?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் தெரிந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போறதச் சொல்றீங்களா? வேற என்னங்க பண்றது? தெறந்து போட்டுட்டுப் போனா அவரு ஊர் முழுக்கச் சுத்துவாரு. போன தடவை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்பா, உங்களுக்கு என்ன கொறை வச்சேன்? சொல்லுங்க, இவங்க முன்னாடியே சொல்லுங்க."

அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"மனுவுல ரெண்டாவது காரணம் எழுதியிருக்காங்களே" என்றாள் வக்கீல். "அது நடக்கவே இல்லக்கா."

"எது?"

"அன்னைக்கு அவர் சிறுநீர் போகலை. கீழ்வீட்டுல எண்ணெய் தீப்பிடிச்சிருக்கு. படியெல்லாம் புகை. எல்லாரும் எறங்கி ஓடியிருக்காங்க. உடனே அணைச்சிட்டதால, வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு அப்புறம் யாரும் அதைப் பேசலையாம்."

அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் இப்போதுதான் வாயைத் திறந்தார். அவளிடம் சொல்லவில்லை, மேசையிடம் சொன்னார்.

"கதவுக்கடியில புகை வந்துச்சு. டவல நனைச்சு அங்க அடைச்சேன். சட்டையையும் நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டேன். டிரைவர் வேலைக்கு எடுக்கறப்பவே எங்களுக்கு அதெல்லாம் சொல்லிக்குடுத்திருந்தாங்க பாப்பா. மறக்கல."

"கத்தலையா அப்பா? தட்டலையா?"

"தட்டுனேன். ஓடற சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

"எவனாச்சும் காதுல விழுந்து மேல வந்து, பூட்ட ஒடைக்கறேன்னு புகையில நின்னுட்டான்னா? மொதல்ல எல்லாரும் எறங்கட்டும்னுதான்."

வண்டியை விட்டுக் கடைசியாக இறங்குகிறவர் டிரைவர். அந்த நியாயத்தை அவர் பூட்டின வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டும் விடவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே! நான் கேட்டப்ப ஏன்பா ஆமான்னு சொன்னீங்க?"

"உனக்குத் தெரிஞ்சா நீ வேலைக்குப் போவியா? விட்டுட்டு எங்கூடவே உக்காந்துருவ. இல்லேன்னா தெனம் அங்க போய் அதையே நெனச்சு நெனச்சு... மெசின்ல கையக் குடுத்துருவ."

பாப்பா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். வார்டு வார்டாக மூட்டை வந்து இறங்கும். பிரித்துக் கொட்டி, ரத்தம் தனி, மூத்திரம் தனி, மருந்துக் கறை தனி என்று பிரிப்பதுதான் அவள் வேலை. இத்தனை வருஷத்தில் அவள் பிரித்த துணிகளை விரித்தால் ஊரையே மூடலாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வாடையை வைத்தே சொல்லிவிடுவாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த மூக்கு, அன்றைக்கு வீட்டு வாசலில் கிடந்த ஒரே ஒரு டவலை முகர்ந்து பார்க்கவில்லை. ஈரத்தைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், முடிவு கட்டிவிட்டாள். இடுக்கியால் எடுப்பது போல இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டது ஞாபகம் வந்தது. அது வெறும் தண்ணீர். தன் பெண் வருத்தப்படக்கூடாதென்று, மானத்தை விட்டு, அதை மூத்திரம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அழுகை வரவில்லை. அந்த மனிதர் எழுந்து தன்னை நாலு அறை அறைந்தால் தேவலை போல இருந்தது.

வக்கீல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். நான் ஐயாவோட வக்கீல். நீங்க நல்லவங்கங்கறதுக்காக அவரை விட்டுட்டு உங்க பக்கம் வந்து நிக்க முடியாது. உங்க தம்பி நல்லவர்ங்கறதுக்காகவும் முடியாது. கோர்ட்டுல பூட்டைப் பத்திக் கேப்பாங்க. நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். இன்னையோட அதை எடுத்தாச்சுன்னு சொல்லணும். அது நெசமா இருக்கணும்."

"எடுத்துட்டு... அவரு எங்கயாவது போயிட்டா?"

"போகலாம்."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க!"

"போகமாட்டார்னு நான் எப்படிக்கா சொல்றது? சட்டைப்பையில விலாசமும் உங்க நம்பரும் எழுதி வைக்கலாம். கீழ்வீட்டுல, பக்கத்துக் கடையில சொல்லி வைக்கலாம். நூலகத்துலயே பகல்ல பெரியவங்க வந்து உக்கார எடமிருக்கு, ரெண்டு மூணு நாள் இங்க கூட்டிட்டு வரலாம். இவ்வளவு பண்ணியும் ஒருநாள் அவர் பாட்டுக்குக் கெளம்பிப் போகலாம். போனா தேடுவோம். அதுக்காக அவரைப் பூட்டி வைக்க உங்களுக்கும் உரிமையில்ல, எனக்கும் இல்ல."

பூட்டினால் கோர்ட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பூட்டாவிட்டால் அப்பாவே போய்விடுவார். பாப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் காலியான கட்டில்தான் தெரிந்தது.

திரும்பும்போது பேருந்தில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில்தான் உட்காருவேன் என்று அப்பா நின்றார். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் அவருடைய வலது கால் செருப்போடு தரையை மெல்ல அழுத்தியது. நேரம் தப்பவில்லை, இவர் மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு கவனம். வீட்டில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. பூட்டிய கதவுக்குள் மிதிக்க என்ன இருக்கிறது?

"அந்த வக்கீல் பொண்ணு நல்லாக் கேக்குது" என்றார் அவர், இறங்கும்போது.

"ம்."

"நீயும் கேப்ப. உனக்கு நேரமில்ல."

குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்காக வாதாடுவது போலத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டைக் கொண்டியிலிருந்து கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண்ணில் படும் இடத்தில் வைத்தால் மறுபடி கை போகும். கடைசியில் கீழே இறங்கித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் சாவியோடு போட்டுவிட்டு வந்தாள். சமையலறையில் தரை துடைக்கும் துணியாகிவிட்டிருந்த டவலை எடுத்தாள். நடுவில் கிழிந்து, மூலையில் மட்டும் பழைய பூ மிச்சமிருந்தது. முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சோப்பும் தரையும் மணத்தன. வேறென்ன மணக்கும் இத்தனை மாதம் கழித்து? இருந்தாலும் நெடுநேரம் முகர்ந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் அப்பாவின் சட்டைப்பையில் விலாசச் சீட்டை வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திவிட்டாள். கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னாள். முனையில் இருக்கும் தையல்கடைக்காரரிடம் சொன்னாள். பிறகு வாசலில் நின்று, "நான் போனதும் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கங்கப்பா. சாயங்காலம் நான் வந்து தட்டுவேன். அப்பத் தொறங்க" என்றாள்.

"சரி பாப்பா."

"எங்கயாவது போகணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ கெளம்பு, நேரமாச்சு."

அவர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பகலில் அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவள் அதைக் கேட்டுவிட்டும் படியிறங்காமல் நின்றாள். அவரும் உள்ளே கதவை விட்டு நகரவில்லை என்று தோன்றியது. அவள் இறங்குகிற சத்தத்துக்குக் காத்திருக்கிறாரோ என்னவோ. பாப்பா இறங்கினாள்.

சலவைக்கூடத்தில் அன்றைக்கு அவள் ஒவ்வொரு துணியையும் முகர்ந்தாள். "என்னக்கா, புதுசா வேலைக்குச் சேந்தாப்ல?" என்று கூட இருந்தவள் சிரித்தாள். பாப்பாவும் சிரித்துவைத்தாள். மதியம் கீழ்வீட்டுக்காரிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? தம்பி கூப்பிட்டான், எடுக்கவில்லை. இந்த நேரம் அவர் ஏதோ ஒரு பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, காலை அழுத்திக்கொண்டிருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. பயமாக இருந்தது. அதோடு கூடவே, அவர் முகத்தில் அந்தக் கவனமும் தெரிந்தது.

சாயங்காலம் படியேறினாள். கீழ்வீடு பூட்டியிருந்தது. கேட்க ஆளில்லை. வாசலுக்கு வந்ததும் கை தன்னால் பைக்குள் போய்ச் சாவியைத் துழாவியது. சாவி இல்லை. கொண்டி மட்டும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா, வெறுமனே சாத்திக் கிடக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. லேசாகத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். திறந்துகொண்டால் அவர் இல்லை.

உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். தள்ளவில்லை. அந்தக் கையையே மடக்கி, பிறர் வீட்டுக்கு வந்தவள் போல, மெல்ல மூன்றுமுறை தட்டினாள்.

"அப்பா, நான்தான்."

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று, அவர் வந்து திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.